எம் அத்தையின் ராட்டை

பாலராமபுரத்து நெசவாளர் தெருக்களில் பொழுது புலர்வதற்கு முன்பே ஓர் ஓசை எழும். அது கோழி கூவும் ஓசையன்று. கோவில் மணியோசையும் அன்று. தார் சுற்றும் ராட்டையின் ஓசை அது. மெல்லத் தொடங்கி, நூல் அறும்போது சற்றே நின்று, முடிச்சு விழுந்ததும் மீண்டும் தொடரும். நாம் பிறந்து வளர்ந்த வீட்டில் இரண்டு ராட்டைகள் இருந்தன. ஒன்று எம் அன்னையுடையது. மற்றொன்று எம் அத்தையுடையது. இரண்டையும் செய்தவர் ஒரே தச்சர். இரண்டிலும் ஓடியது ஒரே நூல். ஆயினும் அவ்விரண்டுக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு இருந்தது. அதனை உணர எமக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. உணர்ந்த விதத்தைக் கூறவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

நம் சங்க இதழைப் படிக்கும் குடும்பங்கள் யாவும் பிழைப்பை நாடி ஊர்விட்டு ஊர் வந்தவை. எம் முன்னோரும் அவ்வாறு வந்தவர்களே. 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்டவர் பாலராம வர்மர். அவர் காலத்தில், உம்மிணித் தம்பி என்னும் திவானின் முயற்சியால், அரண்மனைக்கு வேண்டிய மெல்லிய துணிகளை நெய்வதற்காகத் திருநெல்வேலிச் சீமையின் வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து சாலியர் குடும்பங்கள் வரவழைக்கப்பட்டன. அரசரின் பெயரே ஊருக்கும் பெயராயிற்று. ஒற்றைத் தெரு, இரட்டைத் தெரு, விநாயகர் தெரு, புதுத் தெரு என்று தெருக்கள் அமைந்தன. இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அத்தெருக்களில் தமிழ் ஒலிக்கின்றது.

இவ்வரலாற்றைச் சொல்லும்போதெல்லாம் நெசவாளன் வந்தான், தறி போட்டான், முண்டும் நேரியதும் நெய்தான் என்றே சொல்கின்றோம். அவனோடு வந்தவள் என்ன செய்தாள் என்பதை எவரும் சொல்வதில்லை. குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு அமர்ந்து நாடா எறிபவன் ஆண் என்பது உண்மையே. ஆனால் தறியில் பாவு ஏறுவதற்கு முன் எத்தனை வேலை! கழி நூலை நனைத்துப் பிழிய வேண்டும், சுற்ற வேண்டும், பாவு ஓட்ட வேண்டும். விடியலில் தெரு நீளத்துக்குப் பாவை விரித்துக் கட்டி, அரிசிக் கஞ்சி தடவி, வெயில் ஏறுமுன் தூரிகையால் நீவி உலர்த்த வேண்டும். ஊடை நூலைத் தார்களில் சுற்றித் தறிகாரன் கையருகே வைக்க வேண்டும். தார் தீர்ந்தால் தறி நின்றுவிடும். இவ்வேலைகளுள் பெரும்பகுதி பெண்களின் கையால் நடப்பது. அடுப்பெரித்த கையும் பிள்ளையைத் தாலாட்டிய கையும் அதுவே.

எம் அத்தை இருபத்து நான்காம் வயதில் கணவரை இழந்தார். இடுப்பில் ஒரு பெண் குழந்தையோடு பிறந்த வீட்டுக்குத் திரும்பினார். அவருடைய தமையனார், அதாவது எம் தந்தையார், மனம் கோணாமல் வரவேற்றார். ஆயினும் அத்தை ஒரு வேண்டுகோள் விடுத்தார். வீட்டின் பக்கத் தாழ்வாரத்தைத் தட்டியால் அடைத்துத் தமக்கெனத் தனியடுப்பு வைத்துக்கொள்ள வேண்டும் என்றார். தந்தையாருக்கு அது வருத்தம் தந்தது. ஊரார் என்ன சொல்வார்களோ என்று அஞ்சினார். அத்தை ஊராருக்கு அஞ்சவில்லை. தாழ்வாரத்தில் ஒரு பக்கம் அடுப்பும், மறுபக்கம் ராட்டையும் வந்து சேர்ந்தன.

எம் அன்னை தார் சுற்றியது தந்தையாரின் தறிக்கு. அத்தை சுற்றியதோ, வீட்டில் பெண் துணை இல்லாத அயலார் தறிகளுக்கு. எனவே அத்தைக்குக் கூலி உண்டு, அன்னைக்கு இல்லை. அதே நூல், அதே ராட்டை, அதே முதுகு வலி. கணவன் தறிக்குச் சுற்றினால் கடமை. அயலான் தறிக்குச் சுற்றினால் வேலை. துணி விற்ற பணம் தந்தையாரின் மடியில் வந்து சேரும். அதில் அன்னையின் பங்கு எவ்வளவு என்று தந்தையாரும் கணக்கிட்டதில்லை; அன்னையும் கேட்டதில்லை. தந்தையார் கொடியவர் அல்லர்; குடிப்பவரும் அல்லர். உலக வழக்கு அவ்வாறு இருந்தது; அவரும் அவ்வழியே நடந்தார்.

முதல் மாதக் கூலியை நூல் தந்த முதலாளி, வழக்கப்படி, எம் தந்தையாரிடம் கொடுத்தனுப்பினாராம். மறுநாள் காலை அத்தை அவர் வீட்டு வாசலில் போய் நின்றார். “நூலை என் கையிலதானே தந்தீங்க, முதலாளி? கூலியையும் என் கையிலயே தாங்க” என்றார். இதனை அன்னை எமக்குப் பன்முறை சொல்லியிருக்கிறார். சொல்லும்போதெல்லாம் அவர் முகத்தில் தோன்றிய சிரிப்பின் பொருள் அந்நாளில் எமக்கு விளங்கவில்லை. தாம் ஒருநாளும் சொல்ல இயலாத சொல்லைத் தம் நாத்தனார் சொல்லிவிட்டாரே என்ற மகிழ்ச்சி அது.

அத்தையின் நாள் ஒழுங்கு கடிகாரம் போன்றது. நான்கு மணிக்கு ராட்டை. ஏழு மணிக்குக் கஞ்சி. மகளைப் பள்ளிக்கு அனுப்பியபின் மீண்டும் ராட்டை. நடுப்பகலில் தெருப்பெண்கள் கூடுமிடத்தில் சிறிது பேச்சு. மாலையில் சுற்றிய தார்களை வீடு வீடாகக் கொடுத்து வருதல். சுவரில் கரிக்கோடு இட்டுக் கணக்கு வைத்திருந்தார். சீட்டுப் பணம் ஒன்றுக்கும் தவணை தவறியதில்லை. அஞ்சலகத்தில் தம் பெயரால் சேமிப்புப் புத்தகம் தொடங்கியபோது, கைநாட்டு வைக்க மறுத்து, எட்டு வயதுச் சிறுவனாகிய எம்மிடம் பலகையும் குச்சியும் வாங்கித் தம் பெயரை எழுதக் கற்றார். ஒரு மாதம் ஆயிற்று. அந்தக் கையொப்பத்தைப் போல் அழகான எழுத்தை நாம் எங்கும் கண்டதில்லை.

பத்தாம் வகுப்புத் தேர்வுக்குக் கட்டணம் கட்டவேண்டிய வாரத்தில் தந்தையாரின் தறி நின்றிருந்தது. அன்னை இரவில் தாழ்வாரத்துக்குச் சென்று திரும்பினார். மறுநாள் கட்டணம் கட்டப்பட்டது. அந்தத் தேர்வில் தேறியதனால்தான் ரயில்வே உத்தியோகம் கிட்டியது. எனவே இன்று நாம் உண்ணும் சோற்றில் அத்தையின் ராட்டைக்குப் பங்கு உண்டு. இதனை நாம் மறக்கவில்லை. மறக்கவில்லை என்பதனாலேயே ஒரு பிழையும் செய்தோம்.

உத்தியோகம் நிலைத்து, மணமாகி, குடியிருப்பில் வீடும் கிடைத்தபின், அத்தையை அழைத்துவரச் சென்றோம். அன்னையும் தந்தையும் அதற்குள் காலமாகிவிட்டனர். அத்தையின் மகள் வள்ளியூரில் வாழ்க்கைப்பட்டுவிட்டாள். முதுகு வளைந்து, கண் மங்கி, தாழ்வாரத்தில் தனியே இருந்து நூல் சுற்றும் அத்தையைக் கண்டு நெஞ்சு பொறுக்கவில்லை. “அத்தை, சுத்தினது போதும். இனி ராட்டையே வேண்டாம். எங்களோட வந்து நிம்மதியா இருங்க” என்றோம். அத்தை நெடுநேரம் பேசவில்லை. பின், “நீ சொன்னாச் சரி, மருமகனே” என்றார். ராட்டையைச் சாக்கில் சுற்றிப் பரணில் ஏற்றினோம். பெரிய கடனைத் தீர்த்துவிட்டதாக எண்ணி மகிழ்ந்தோம்.

நான்கு மாதங்கள் சென்றன. அத்தைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. எம் இல்லாள் தன் தாயைப் போலவே கவனித்துக்கொண்டாள். ஒருநாள் மாலை வேலை முடிந்து வீட்டுவாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே பேச்சுக் கேட்டது. அடுக்களைக் கதவருகே அத்தை நின்றிருந்தார். “தாயீ, வள்ளியூர்லேருந்து பேத்தி வாறாளாம். ஒரு வளையல் வாங்கிக் குடுக்கணும். ஒரு நூறு ரூவா இருந்தாத் தருவியா?” என்றார். இல்லாள் சிரித்த முகத்தோடு உடனே எடுத்துக் கொடுத்தாள். அவள்மேல் யாதொரு குற்றமும் இல்லை. ஆனால் நாம் கண்டது அத்தையின் கையை. அந்தக் கை, உள்ளங்கை மேலே தெரியும்படி நீண்டிருந்தது. அத்தனை ஆண்டுகளில் அக்கை அவ்வாறு நீண்டதை நாம் கண்டதே இல்லை. வாசலில் நின்றபடியே எமக்குத் தலை குனிந்தது.

அதன்பின் பல நாட்கள் எம் மனம் அமைதி கொள்ளவில்லை. தன் காலில் நின்ற பெண்கள் என்று வரலாறு எவரைச் சொல்கின்றது என்று தேடத் தொடங்கினோம். விடுப்பு நாட்களில் நூலகத்துக்குச் சென்றோம். அரசிகள் கிடைத்தனர். நம் திருவிதாங்கூரிலேயே 1810 முதல் 1815 வரை கௌரி லட்சுமி பாயும், அவருக்குப்பின் 1829 வரை கௌரி பார்வதி பாயும் ஆண்டனர். அரசிகளின் பெருமை பெரிதுதான். ஆயினும் நாம் தேடியது கிரீடம் அணிந்தவரை அன்று. கூலி வாங்கி வாழ்ந்தவரை.

அத்தகைய ஒருத்தியைத் தொலைவில், வங்காளத்தில் கண்டோம். 1828-ஆம் ஆண்டு ‘சமாசார் தர்ப்பண்’ என்னும் வங்காளப் பத்திரிகையில் நூல் நூற்கும் கைம்பெண் ஒருத்தியின் கடிதம் வெளிவந்தது. இருபத்திரண்டாம் வயதில், மூன்று பெண் குழந்தைகளோடு அவள் கணவனை இழந்தாள். கணவன் ஒன்றும் வைத்துவிட்டுப் போகவில்லை. பட்டினி வாசலில் வந்து நின்றபோது ராட்டையை எடுத்தாள். நூற்ற நூலை நெசவாளரே வீடு தேடி வந்து வாங்கிச் சென்றனர். அந்த வருவாயில் மாமனார் மாமியாரைக் காத்தாள். மகளிர் மூவருக்கும் மணம் முடித்தாள். மாமனாரின் இறுதிக் கடனையும் ஊர் மெச்சச் செய்தாள். பிறகு இங்கிலாந்திலிருந்து ஆலை நூல் வந்து இறங்கியது. நெசவாளர் அவள் வாசலை மறந்தனர். ஏன் இவ்வாறு ஆயிற்று என்று அவள் அக்கடிதத்தில் வினவுகின்றாள். அவள் பெயரை எவரும் அறியார். ஆனால் பெரிய யந்திரம் ஒன்று கடலுக்கு அப்பால் சுழன்றபோது, இங்கே எந்தக் கை வெறுங்கையாயிற்று என்பதை அவளைப் போல் தெளிவாகச் சொன்னவர் சிலரே.

நமக்கு அருகிலும் அதே காலத்தில் ஒரு கதை நடந்தது. 1819-ஆம் ஆண்டு இறுதியில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மால்ட் பாதிரியாரும் அவர் துணைவியார் மார்த்தா மால்ட் அம்மையாரும் நாகர்கோவிலுக்கு வந்தனர். பெண் குழந்தைகள் தங்கிப் படிக்கும் பள்ளி அங்கே வளர்ந்தது. அம்மையார் அச்சிறுமிகளுக்கு எழுத்தோடு லேஸ் பின்னும் தொழிலையும் கற்பித்தார். திண்டு ஒன்றின்மேல் வடிவம் வரைந்த தாளை விரித்து, குண்டூசிகளைக் குத்தி, சிறு குச்சிகளில் சுற்றிய நூலை மாற்றி மாற்றிப் பின்னும் நுண்வேலை அது. திருவிதாங்கூரில் அன்று அடிமை முறை இருந்தது. மனிதரை விலைக்கு வாங்கவும் விற்கவும் செய்தனர். அடிமைக் குடியில் பிறந்த சிறுமிகள் சிலர், லேஸ் பின்னிய கூலியைச் சேர்த்து, தம் விலையைத் தாமே கொடுத்து விடுதலை பெற்றனர் என்று மிஷன் குறிப்புகள் கூறுகின்றன. அடிமை முறையை அரசு ஒழித்தது 1855-இல். அரசாணை வரும்வரை காத்திராமல் அச்சிறுமிகள் நூலைப் பின்னியே தம் தளையை அவிழ்த்துக்கொண்டனர். மால்ட் தம்பதியரின் மகள் எலிசா, கால்டுவெல் பாதிரியாரை 1844-இல் மணந்து, அதே தொழிலைத் திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடிப் பெண்களுக்கும் கற்பித்தார். தமிழின் ஒப்பிலக்கணத்தால் கால்டுவெல்லை அறிந்த நாம், அவர் மனையில் நடந்த இப்பணியை அறிந்தோமில்லை.

ஆயினும் கையில் காசு இருந்தால் மட்டும் போதுமா? போதாது என்பதற்கும் நம் நாடே சான்று. அந்நாளில் சாணார் என்று அழைக்கப்பட்ட நாடார் குலப் பெண்கள், தென் திருவிதாங்கூரில் உழைத்துச் சம்பாதித்தவர்கள். சந்தைக்குச் சென்று விற்றவர்கள். ஆனால் தம் பணத்தில் வாங்கிய துணியால் மார்பை மறைத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை இல்லை. மறைத்தவர்களின் மேலாடை பொதுவிடத்திலே கிழித்தெறியப்பட்டது. பல்லாண்டுப் போராட்டத்துக்கும் கலகங்களுக்கும் பின், 1859 ஜூலை 26-இல் அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. அப்போதும் உயர்சாதியார் அணியும் முறையில் அணியலாகாது என்று ஒரு முட்டுக்கட்டை வைத்தே பிறப்பித்தது. துணி நெய்யும் குலத்தில் பிறந்த எமக்கு இச்செய்தி நெஞ்சில் தைத்தது. நம் தறிகளில் இறங்கிய துணியை எவர் உடுத்தலாம், எவர் உடுத்தலாகாது என்பதும் ஒரு காலத்தில் சட்டமாய் இருந்தது அல்லவா? தன் உழைப்பு, தன் கூலி, அந்தக் கூலியைத் தன் விருப்பப்படி செலவிட்டுத் தெருவில் நிமிர்ந்து நடக்கும் உரிமை. இம்மூன்றும் கூடினால்தான் அதற்குச் சுதந்தரம் என்று பெயர்.

‘இது பெண்வழி நாடாயிற்றே, இங்கே பெண்ணுக்கு என்ன குறை?’ என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். மருமக்கள்தாய முறையில் சொத்து பெண்வழியே சென்றது மெய்தான். ஆனால் சொத்தின் சாவி பெரும்பாலும் மாமனாகிய காரணவரின் இடுப்பில் இருந்தது. நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே இம்முறையால் மனைவி மக்கள் பட்ட துயரைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவர்கள் ‘மருமக்கள் வழி மான்மியம்’ என்னும் நூலாகவே பாடினார். 1926-இல் தனிச்சட்டம் வந்து அம்முறையை மாற்றியது. ஆகவே வழி யாருடையது என்று கேட்பதோடு நிற்கலாகாது. சாவி யார் கையில் என்றும் கேட்கவேண்டும்.

இந்தத் தேடலில் ஜப்பான் நாட்டைப் பற்றியும் சிறிது படித்தோம். 1603 முதல் 1868 வரை நீண்ட எடோ காலத்தில், மணமுறிவுக் கடிதம் எழுதும் உரிமை அங்கே கணவனுக்கே இருந்தது. மூன்றரை வரியில் அவன் எழுதித் தந்தால்தான் மனைவி வேறு மணம் செய்துகொள்ளலாம். அவன் தர மறுத்தால், அவள் ஓடிச்சென்று புகலடையச் சில பெண் துறவியர் மடங்கள் இருந்தன. காமகுரா நகரில் 1285-இல் நிறுவப்பட்ட தோக்கேஜி அவற்றுள் புகழ்பெற்றது. குறித்த காலம் அங்கே தங்கிப் பணிசெய்தால் மணம் நீங்கியதாகக் கொண்டனர். அந்நாட்டிலே பட்டுப்புழு வளர்த்தலும் பட்டு நெசவும் செழித்த பகுதி ஒன்று உண்டு. இன்று அதற்குக் குன்மா என்று பெயர். கிரியூ என்னும் நெசவூர் அங்கேதான் உள்ளது. அப்பகுதியில் இல்லறத்தை ஆள்பவள் மனைவியே என்னும் பொருள்படும் ‘ககா தென்கா’ என்ற சொல் வழக்கில் இருக்கின்றது. பட்டு நூலால் வீட்டுக்கு வருவாய் தேடித் தந்தவள் அவள் என்பதே காரணம் என்பர். மடம் ஓடிவந்தவளுக்குப் புகல் தந்தது. பட்டு நூலோ வீட்டிலிருந்தவளுக்கே மதிப்புத் தந்தது. கடல் பல கடந்தாலும் ராட்டையின் நியாயம் ஒன்றுதான்.

இவற்றையெல்லாம் படித்தபின் எம் பிழை எமக்குத் தெளிவாயிற்று. அத்தையிடமிருந்து பாரத்தை இறக்கியதாக நாம் எண்ணினோம். இறக்கியது பாரத்தை மட்டுமன்று. கரிக்கோட்டுக் கணக்கையும், சீட்டுத் தவணையையும், பேத்திக்கு வளையல் வாங்கும் பெருமிதத்தையும், ஒருவனுடைய தேர்வுக் கட்டணத்தை இரவோடு இரவாக எடுத்துக் கொடுக்கும் ஆற்றலையும் சேர்த்தே இறக்கிப் பரணில் ஏற்றிவிட்டோம். அன்பினால் செய்ததுதான்; ஆனால் அவரைக் கேட்டுச் செய்ததன்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தையின் அருகே அமர்ந்து, “அத்தை, நம்ம தெருவுக்கே திரும்பிப் போகணும்னு தோணுதா?” என்று வினவினோம். அவர் எம்மை ஏறிட்டுப் பார்த்தார். “மருமகனே, நீயும் ஒன் பொஞ்சாதியும் என்னைத் தங்கமாப் பாத்தீங்க. ஒரு கொறையும் இல்ல. ஆனா கேட்டு வாங்கிச் செலவழிக்கிறது எனக்குப் பழக்கமில்ல பாத்துக்கோ” என்றார். அவ்வளவே. அழவில்லை, குறை கூறவும் இல்லை.

அடுத்த வாரமே ராட்டையைப் பரணிலிருந்து இறக்கி, இருசுக்கு எண்ணெய் இட்டு, ஒற்றைத் தெருவுக்குக் கொண்டு சென்றோம். தாழ்வாரத்துக்கு மின்விளக்கு இட்டோம். தரையில் குந்தி அமராமல் இருந்து சுற்றுவதற்கேற்ப உயரமான பலகை ஒன்று செய்வித்தோம். கண் மருத்துவரிடம் அழைத்துச் சென்று கண்ணாடி வாங்கினோம். கண்ணாடிக்கு உரிய பணத்தை அத்தை தவணையாகத் திருப்பித் தந்தார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தோம், பிறகு வாங்கிக்கொண்டோம். வாங்கிக்கொள்வதே மரியாதை என்பதை அதற்குள் கற்றிருந்தோம்.

இதனைப் படிப்போர் வறுமையை நாம் புகழ்வதாகக் கொள்ளலாகாது. தார் சுற்றும் கூலி மிகக் குறைவு. தெருவில் முன்பு ஒலித்த தறிகளுள் பல இன்று ஓய்ந்துவிட்டன. விசைத்தறித் துணி கைத்தறியின் பெயராலேயே விற்பனையாகின்றது. இளையோர் வேறு வேலை நாடிச் செல்கின்றனர். செல்வதில் தவறும் இல்லை. முதுமையில் ஓய்வு வேண்டும். உழைப்புக்கு ஏற்ற கூலியும் வேண்டும். நாம் சொல்வது இது ஒன்றே: ஓய்வையும் ஒருவர் தாமே தேர்ந்துகொள்ள வேண்டும். பிறர் தேர்ந்து கொடுத்தால், அது எத்துணை இனிய ஓய்வாயினும், பாதி தண்டனை.

திருவனந்தபுரத்திலிருந்து நெய்யாற்றின்கரை, பாறசாலை வழியாக நாகர்கோவிலுக்குச் செல்லும் ரயில்பாதை 1979-இல் திறக்கப்பட்டது. அப்பாதையின் நிலையம் ஒன்றில் சீட்டு வழங்கும் சாளரத்தில் அமர்ந்து நாள்தோறும் பெண்களைக் காண்கின்றோம். துணிக்கடையில் நின்றே பொழுது கழிப்பவர், வீட்டு வேலைக்குச் செல்பவர், மருத்துவமனையில் பணிபுரிபவர் எனப் பலர். மாதச் சீட்டு எடுக்க வரும்போது மடித்த நோட்டைப் பிரித்து எண்ணி வைப்பார்கள். முன்பெல்லாம் வரிசை நீளுகின்றதே என்று சலிப்போம். இப்போது சலிப்பதில்லை. அவர்கள் எண்ணி முடிக்கும்வரை காத்திருக்கின்றோம். அது அவர்கள் பணம்.

இறுதியாக எம் இல்லத்துச் செய்தி ஒன்று. எம் இல்லாள் அக்கம்பக்கத்தாருக்கு ரவிக்கை தைத்துத் தருவாள். அந்தப் பணம் இதுகாறும் வீட்டுச் செலவுப் பெட்டியில் விழுந்து, எம் சம்பளத்தோடு கலந்து, பெயரற்றுப் போயிற்று. தன் பெயரால் ஒரு கணக்குத் தொடங்கவேண்டும் என்று அவள் முன்பு ஒருமுறை சொன்னாள். “நமக்குள்ள என்ன தனிக்கணக்கு?” என்று சிரித்துத் தள்ளினோம். அந்தச் சிரிப்புக்காக இன்று நாணுகின்றோம். சென்ற மாதம் அவள் அஞ்சலகம் சென்று கணக்குத் தொடங்கி வந்தாள். துணைக்குச் சென்றது நாம் அல்லோம், அத்தை.

ராட்டையை இறக்கிய அன்று, பரணில் அதன் பக்கத்திலேயே மற்றொரு ராட்டை தூசி படிந்து இருந்ததைக் கண்டோம். எம் அன்னையுடையது. வாழ்நாள் முழுவதும் சுற்றியும் தனக்கென்று ஒரு காசு காணாத ராட்டை. தேர்வுக் கட்டணத்துக்காக அன்றிரவு தாழ்வாரத்துக்கு நடந்த அன்னையின் கையும், அடுக்களைக் கதவருகே நின்ற அத்தையின் கையைப் போலத்தான் நீண்டிருக்கும் என்பது அப்போதுதான் எமக்கு உறைத்தது. அன்னைக்கு அந்தக் கணக்கைத் தீர்க்க இனி வழியில்லை. இதனைப் படிக்கும் அன்பர்களின் இல்லத்தில் அவ்வாறு ஒரு ராட்டையோ, தையல் யந்திரமோ, மாவாட்டும் கல்லோ இருக்குமாயின், அதன் கணக்கை இன்றே கேட்டறிந்து கொள்வார்களாக. கேட்பதற்கு உரியவர் அருகில் இருக்கும்போதே கேட்டுவிடுவது நன்று.